ஏழாயிரம் கடைகள் சாத்தப்பட்ட மாலை: ஸ்டார்பக்ஸ் வளர்ந்த கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

2008 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் என்ற காபிக்கடை நிறுவனம் நேரடியாக நடத்திவந்த சுமார் 7,100 கடைகள் மாலை ஐந்தரை மணிக்குக் கதவைச் சாத்தின. எஸ்பிரெஸ்ஸோவை, அதாவது இயந்திரத்தில் அழுத்தி இறக்கும் கெட்டியான காபிச் சாற்றை, செம்மைப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கிறோம் என்று வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே காபி போடும் ஊழியர்களான பாரிஸ்டாக்கள் கவுண்டருக்குப் பின்னால் கூடி நின்று, பல ஆண்டுகளாகத் தாங்கள் செய்துவந்த வேலையை முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். எஸ்பிரெஸ்ஸோ குழாய்த் தண்ணீர்போல வேகமாகக் கொட்டினால் சாறு நீர்த்துவிடும். தயங்கித் தயங்கி இறங்கினால் கசக்கும். கரண்டியிலிருந்து தேன் வழிவதுபோல இறங்க வேண்டும். பாலை ஒருமுறைதான் நீராவியில் சூடாக்க வேண்டும். மிச்சத்தை மறுபடி சூடாக்கி அடுத்த கோப்பையில் ஊற்றக் கூடாது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்த அந்தப் பயிற்சியால் நிறுவனம் இழந்த விற்பனை சுமார் 60 லட்சம் டாலர். போட்டி நிறுவனமான டங்கின் டோனட்ஸ் அன்று லாட்டே என்ற பால் கலந்த எஸ்பிரெஸ்ஸோவின் சிறிய கோப்பையை 99 சென்ட்டுக்கு விற்றது. காபி போடத் தெரியவில்லை என்று ஸ்டார்பக்ஸே ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சிலர் எழுதினார்கள்.

அவர்கள் எழுதியதில் உண்மை இருந்தது. காபியை வைத்தே பெயர் வாங்கிய ஒரு நிறுவனம், 37 ஆண்டுகளுக்குப் பிறகு தன் ஊழியர்களுக்குக் காபி போட மறுபடி சொல்லித்தர வேண்டிய நிலைக்கு எப்படி வந்தது? இந்த ஆய்வின் மையக் கேள்வி இதுதான். பெரிய தவறு ஏதோ ஒன்று நடந்திருக்கும் என்று தேடினால் கிடைக்காது. எடுத்த முடிவு ஒவ்வொன்றும் அதனதன் கணக்கில் சரியாகவே இருந்தது. எல்லாம் சேர்ந்தபோதுதான் கடை வெறுமையாயிற்று. இதைவிட வருத்தமானது, பதினைந்து ஆண்டுகளில் அதே நோய் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது என்பது.

கொட்டை விற்ற கடை

1971இல் சியாட்டில் நகரில் ஜெர்ரி பால்ட்வின், ஸெவ் ஸீகல், கோர்டன் போக்கர் ஆகிய மூவர் தொடங்கிய ஸ்டார்பக்ஸில் காபி குடிக்க முடியாது. வறுத்த காபிக்கொட்டையை எடைபோட்டு விற்கும் கடை அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆல்ஃபிரட் பீட் என்பவர் கரும்பழுப்பாக வறுத்து விற்ற கொட்டையில் மயங்கி, அவரிடம் தொழில் பழகி வந்தவர்கள் இவர்கள். நல்ல கொட்டையைக் கொடுப்போம், வீட்டில் அவரவர் காய்ச்சிக்கொள்ளட்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

ஹோவர்ட் ஷூல்ட்ஸ் 1982இல் விற்பனைப் பொறுப்பாளராக அங்கே சேர்ந்தார். அடுத்த ஆண்டு இத்தாலியின் மிலான் நகருக்குப் போனவர், தெருவுக்குத் தெரு இருந்த எஸ்பிரெஸ்ஸோ பார்களைக் கண்டார். கொட்டை அரைபடும் ஓசை, பெயர் சொல்லி அழைக்கும் பணியாளர், நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் வாடிக்கையாளர். காபி ஒரு சாக்காக, மனிதர்கள் சந்திக்கும் இடமாக அது அவருக்குப் பட்டது. ஊர் திரும்பி நிறுவனர்களிடம் சொன்னார். 1984இல் ஒரே ஒரு கடையில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள், நன்றாகவே ஓடியது. ஆனாலும் உணவகத் தொழிலில் இறங்க அவர்களுக்கு மனமில்லை. ஷூல்ட்ஸ் விலகி, ‘இல் ஜியோர்னாலே’ என்ற பெயரில் சொந்தமாகக் கடை திறந்தார். 1987இல் நிறுவனர்கள் ஸ்டார்பக்ஸை விற்க முன்வந்தபோது 38 லட்சம் டாலர் திரட்டி அதை வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு முடிவில் கடைகள் 17.

அவர் விற்கத் தொடங்கிய பொருள் என்ன என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். வீடு ஓர் இடம், அலுவலகம் ஓர் இடம். இவ்விரண்டுக்கும் வெளியே மனிதர்கள் இயல்பாகக் கூடும் இடத்தைச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் ‘மூன்றாம் இடம்’ என்றார். ஸ்டார்பக்ஸ் அந்தச் சொல்லைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. காபியின் விலைக்குள் நாற்காலியின் வாடகை, நறுமணம், யாரும் எழுப்பிவிடாத ஒரு மணி நேரம் ஆகிய எல்லாமே அடங்கியிருந்தன. மற்ற கடைகளைவிடக் கூடுதலாகக் காசு கேட்க முடிந்ததற்குக் காரணமும் அதுவே.

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்கள்

இந்த நிறுவனத்தின் உத்திகளில் நான் முதலிடம் கொடுப்பது ஊழியர் கொள்கைக்குத்தான். 1988இல் பகுதிநேர ஊழியர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்தால் போதும். அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் அன்று இது அபூர்வம். 1991இல் எல்லோருக்கும் பங்கு உரிமைத் திட்டம் வந்தது. அதனால்தான் ஊழியர்களைப் ‘பங்காளிகள்’ என்று அழைத்தார்கள். ஷூல்ட்ஸுக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று உண்டு. புரூக்ளினில் அவருடைய தந்தை வேலையின்போது கணுக்காலை முறித்துக்கொண்டு, காப்பீடும் வருமானமும் இல்லாமல் வீட்டில் கிடந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர் அவர்.

இரக்கம் மட்டும் அங்கே வேலை செய்யவில்லை. ஊழியர் விலகினால் புதியவரைத் தேடிப் பயிற்றுவிக்கும் செலவு காப்பீட்டுச் செலவைவிட அதிகம் என்ற கணக்கும் சேர்ந்தே இருந்தது. நீண்ட நாள் ஒரே கடையில் இருக்கும் பாரிஸ்டாவுக்கு வாடிக்கையாளரின் பெயர் தெரியும், அவர் கேட்கப்போவது தெரியும். விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்காமல் நிறுவனம் வளர்ந்தது இந்தப் பழக்கத்தின் பலத்தில்தான்.

இதே காரணத்தால், அமெரிக்காவில் தனி நபர்களுக்குக் கிளை உரிமையை விற்கும் வழியை அவர்கள் எடுக்கவில்லை. விமான நிலையம், பல்கலைக்கழகம், பல்பொருள் அங்காடி போன்று தாங்களே நேரடியாக நுழைய முடியாத இடங்களில் மட்டும் உரிமம் கொடுத்தார்கள். கிளை உரிமையை விற்றிருந்தால் வளர்ச்சிக்கான முதலீட்டை மற்றவர்கள் போட்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, 1992 ஜூனில் 17 டாலர் விலையில் பங்கு வெளியிட்டுச் சந்தையில் பணம் திரட்டினார்கள். அந்த ஆண்டு கடைகள் 165. 1996இல் ஆயிரத்தைத் தாண்டின. 2000இல் 3,501.

கடை வைக்கும் முறையும் வேறுபட்டது. ஒரு நகரத்துக்குள் நுழைந்தால் கூட்டமாக நுழைவார்கள். ஒரு தெருமுனையில் இருக்கும் கடையிலிருந்து பார்த்தால் அடுத்த கடை தெரியும். புதிய கடை பழைய கடையின் வாடிக்கையாளரில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பது தெரிந்தே செய்தது. வரிசை குறையும், ஒரே லாரி பல கடைகளுக்குச் சரக்கு இறக்கும், போட்டியாளருக்கு நல்ல மூலை மிஞ்சாது. ஆனால் வரிசை தாங்காமல் வழியும் நகரத்தில்தான் இந்தக் கணக்கு பலிக்கும். வரிசையே இல்லாத புறநகரில் பலிக்காது. அந்த வேறுபாடு பிற்பாடு மறந்துபோயிற்று.

வெளிநாட்டு விரிவாக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1996இல் டோக்கியோ, 1998இல் பிரிட்டன், 1999இல் பெய்ஜிங். உள்ளூர்க் கூட்டாளியோடு நுழைவது, சந்தை பழகிய பிறகு சில இடங்களில் அவருடைய பங்கை வாங்கிக்கொள்வது என்பதே பொதுவான வழி. விதிவிலக்காக ஒரு தோல்வியைக் கவனிக்க வேண்டும். 2000இல் நுழைந்த ஆஸ்திரேலியாவில், 2008இல் 84 கடைகளில் 61ஐ மூடினார்கள். இத்தாலியிலிருந்தும் கிரீஸிலிருந்தும் குடியேறியவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த நாட்டுக்கு நல்ல எஸ்பிரெஸ்ஸோவைப் பழக்கிவிட்டிருந்தார்கள். மூன்றாம் இடம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. இல்லாத ஒன்றைக் கொடுத்து அமெரிக்காவில் வளர்ந்த நிறுவனம், அது நிறைய இருக்கும் ஊரில் அதே வேகத்தில் கடை திறந்தது.

மணம் போன கதை

2000இல் ஷூல்ட்ஸ் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகி, இயக்குநர் குழுத் தலைவராக மட்டும் தொடர்ந்தார். 2007 காதலர் தினத்தன்று நிர்வாகத்துக்கு அவர் எழுதிய உள்சுற்று மடல் வெளியே கசிந்தது. வணிகம் படிக்கும் எவரும் அதன் சாரத்தை அறிந்திருக்க வேண்டும். மேலாண்மைச் சொற்களை அடுக்காமல், இயந்திரத்தின் உயரத்தையும் பையின் காற்றடைப்பையும் பற்றிப் பேசிய மடல் அது.

முதலில் இயந்திரம். ஃப்ளோரன்ஸில் தயாரான லா மர்சோக்கோ இயந்திரத்தில் பாரிஸ்டா கொட்டையை அரைத்து, தூளை அழுத்தி, கைப்பிடியைப் பொருத்தி, சாறு இறங்குவதைக் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும். அது கைத்திறன். ஒரு பொத்தானில் எல்லாவற்றையும் செய்யும் தானியங்கி இயந்திரத்துக்கு மாறியபோது வரிசை வேகமாக நகர்ந்தது, கைவலி குறைந்தது, எல்லாக் கடைகளிலும் ஒரே சுவை கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிய இயந்திரம் உயரமானது. எதிரே நிற்பவருக்குப் பாரிஸ்டாவின் முகம் தெரியவில்லை. காபி தயாராவதைப் பார்ப்பதும், நடுவில் நாலு வார்த்தை பேசுவதும் நின்றுபோயின.

அடுத்து பை. மணம் போகாமல் காற்றுப்புகாப் பையில் வறுத்த கொட்டையை அனுப்பத் தொடங்கியதால் கொட்டை கெடாமல் இருந்தது. தொலைதூரக் கடைகளுக்கும் போனது. ஆனால் மணமும் பைக்குள்ளேயே அடைபட்டது. கொட்டையைக் கலத்திலிருந்து அள்ளி, வாடிக்கையாளர் கண் முன்னே அரைத்த நாட்களில் கடைக்குள் கால் வைத்ததுமே வரவேற்ற அந்த வாசனை காணாமல் போயிற்று. அந்த இடத்தைச் சூடாக்கிய சாண்ட்விச்சிலிருந்து வழிந்து கருகிய பாலாடைக்கட்டியின் வாடை பிடித்துக்கொண்டது. சாண்ட்விச் விற்பனையோ நன்றாகத்தான் இருந்தது!

கடையின் தோற்றமும் மாறியிருந்தது. செலவைக் குறைக்க எல்லாக் கடைகளையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் குறைவான கடைகளிலிருந்து 13,000 கடைகளுக்குப் போன வேகம் அது. இயந்திரத்தை மாற்றியவருக்கு வேகம் என்ற இலக்கு, பையை மாற்றியவருக்குக் கெடாமை, சாண்ட்விச் கொண்டுவந்தவருக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் தொகை. மூவரும் தங்கள் இலக்கை எட்டினார்கள். கடைக்குள் நுழைபவர் என்ன உணர்கிறார் என்பது மட்டும் யாருடைய இலக்கிலும் இல்லை. இந்த முடிவுகளில் தனக்கும் பங்குண்டு என்று அந்த மடலிலேயே ஷூல்ட்ஸ் ஒப்புக்கொண்டிருந்தார்.

2007 இறுதியில் அமெரிக்கக் கடைகளில் வாடிக்கையாளர் வருகை முதன்முறையாகக் குறைந்தது. பங்கு விலை அந்த ஆண்டில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 2008 ஜனவரியில் ஷூல்ட்ஸ் மீண்டும் தலைமைச் செயல் அதிகாரியானார்.

மூடியும் திறந்தும்

பிப்ரவரியின் பயிற்சி ஓர் அறிவிப்புதான். உண்மையான அறுவைச் சிகிச்சை ஜூலையில் நடந்தது. அமெரிக்காவில் 600 கடைகளை மூடப்போவதாகச் சொன்னார்கள். அவற்றில் ஏறக்குறைய 70% கடைகள் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திறக்கப்பட்டவை. இந்த ஒரு விகிதம் போதும், இடத்தேர்வு எந்த அளவுக்குத் தளர்ந்திருந்தது என்பதைக் காட்ட. ஆண்டுக்கு இத்தனை கடை என்று பங்குச் சந்தைக்குக் கொடுத்த வாக்கு, எங்கே திறப்பது என்ற கேள்வியை விழுங்கிவிட்டது. 2009 ஜனவரியில், வெளிநாட்டுக் கடைகளையும் சேர்த்து, மேலும் 300 கடைகள் பட்டியலில் சேர்ந்தன. பொருளாதார வீழ்ச்சியும் கூடவே வந்தது. 2007 நிதியாண்டில் 67 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 2008இல் 32 கோடிக்கும் கீழே போயிற்று.

செலவைக் கடுமையாக வெட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் எதை வெட்டவில்லை என்று பார்ப்பது முக்கியம். மருத்துவக் காப்பீட்டில் கைவைக்கச் சொல்லி முதலீட்டாளர் தரப்பிலிருந்து வந்த நெருக்குதலை ஷூல்ட்ஸ் ஏற்கவில்லை. 2008 அக்டோபரில், கத்ரீனா புயலிலிருந்து மீண்டுகொண்டிருந்த நியூ ஆர்லியன்ஸில் சுமார் 10,000 கடை மேலாளர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். உயரம் குறைந்த மஸ்ட்ரீனா இயந்திரம் வந்தது. பாரிஸ்டாவின் முகம் மறுபடி தெரிந்தது. கொட்டையைக் கடையிலேயே அரைக்கும் வழக்கம் திரும்பியது. சாண்ட்விச்சை விலக்கிவைத்து, வாடை வராதபடி அடுப்பின் வெப்பத்தையும் சேர்மானத்தையும் மாற்றிய பிறகே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2010 நிதியாண்டின் நிகர லாபம் 94 கோடி டாலரைத் தாண்டியது.

கைப்பேசிக்குள் போன கடை

2001 நவம்பரில் ஸ்டார்பக்ஸ் முன்பண அட்டையை அறிமுகம் செய்தது. பின்னர் அது கைப்பேசிச் செயலிக்குள் குடியேறியது. வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே போட்டுவைக்கும் பணம் அண்மை ஆண்டுகளில் 150 கோடி டாலரை ஒட்டி நின்றது. வட்டியில்லாக் கடன் என்றே இதைச் சொல்லலாம். அதில் ஒரு பகுதி செலவழிக்கப்படாமலேயே தங்கிவிடும். அந்தப் பணம் மட்டும் 2023 நிதியாண்டில் சுமார் 21 கோடி டாலர் வருவாயாகப் பதிவாயிற்று. ஒரு காபி நிறுவனம் சிறு வங்கிபோல நடக்கிறது என்று வியந்து எழுதாதவர்கள் குறைவு. வியக்கத்தக்கதுதான்.

2015இல் செயலி வழியே முன்கூட்டி ஆர்டர் செய்யும் வசதி அமெரிக்கா முழுவதும் வந்தது. வரிசையில் நிற்க வேண்டாம், பெயர் எழுதிய கோப்பை காத்திருக்கும். சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளின் விற்பனைப் பரிவர்த்தனைகளில் முப்பது சதவீதத்துக்கும் மேல் இப்படி வந்தது.

காலை எட்டு மணிக் கடையை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். கவுண்டருக்கு எதிரே நிற்பவர்கள் இரண்டே பேர். ஆனால் ஒட்டுத்தாள் அச்சிடும் சிறிய கருவி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது; கண்ணுக்குத் தெரியாத இருபது பேர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஓட்ஸ் பால், இரண்டு பங்கு வனிலா, மேலே குளிர்ந்த நுரை. இன்னொருவருக்கு ஐந்து மாற்றங்களுடன் ஒரு குளிர்பானம். பாரிஸ்டா தலையை நிமிர்த்துவதில்லை, நிமிர்த்த நேரமில்லை. எதிரே நிற்கும் இருவருக்கும் தங்களுக்கு முன்னால் யாருமில்லாதபோதும் ஏன் பத்து நிமிடம் காத்திருக்கிறோம் என்று புரிவதில்லை. எடுத்துச்செல்லும் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் பெயர்களைத் தேடிக்கொண்டு நிற்கிறது.

இது திடீரென்று முளைத்த சிக்கலன்று. 2017 தொடக்கத்திலேயே, கொடுக்கும் மேசையருகே நெரிசலைக் கண்டு சிலர் வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்று நிறுவனம் முதலீட்டாளர்களிடம் சொல்லியிருந்தது. ஆனாலும் ஆண்டுகள் ஓடின. நாற்காலியே இல்லாத, எடுத்துச்செல்ல மட்டுமான கடைகளையும் திறந்தார்கள். 2007இல் இயந்திரத்தின் உயரம் மறைத்த முகத்தை இம்முறை செயலி மறைத்தது. செயலியே நிறுவனத்தின் பெரிய பலவீனமாகிவிட்டது என்று 2024இல் ஷூல்ட்ஸே வெளிப்படையாகப் பேசினார்.

பணிச்சுமை மனிதர்கள் மேல்தான் விழுந்தது. 2021 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ஒரு கடையின் ஊழியர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கான கடைகளில் அது பரவியது. ஷூல்ட்ஸ் உள்பட நிர்வாகம் அதைக் கடுமையாக எதிர்த்தது. பகுதிநேர ஊழியருக்கும் காப்பீடு கொடுத்தவர், அதே ஊழியர் தன் வேலை நேரம் பற்றியும் ஆள் பற்றாக்குறை பற்றியும் மேசையில் அமர்ந்து பேச விரும்பியபோது அதைத் துரோகம்போலப் பார்த்தது எனக்குப் பெரிய வருத்தம். பங்காளி என்ற சொல்லுக்கு ஊழியர்கள் கொடுத்த பொருளும் நிர்வாகம் கொடுத்த பொருளும் எப்போதோ பிரிந்துவிட்டிருந்தன.

சீனாவில் அழுத்தம் வேறு திசையிலிருந்து வந்தது. 2017இல் தொடங்கிய லக்கின் காபி, நாற்காலி அதிகமில்லாத சிறு கடைகளையும் செயலியையும் தள்ளுபடியையும் மட்டுமே நம்பியது. 2020இல் கணக்கு மோசடி வெளிப்பட்டு அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டும் எழுந்து, 2023இல் 10,000 கடைகளைக் கடந்தது. விற்பனையிலும் ஸ்டார்பக்ஸின் சீனக் கிளையை முந்தியது. ஸ்டார்பக்ஸில் சுமார் 30 யுவான் விலையில் இருந்த காபிக்கு எதிராக அங்கே 9.9 யுவான் சலுகை. வேகமும் வசதியும்தான் பொருள் என்றால், அவற்றை மூன்றில் ஒரு பங்கு விலையில் கொடுக்க எவராலும் முடியும். 2025 நவம்பரில் சீன வணிகத்தின் 60% பங்கை போயு கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஸ்டார்பக்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது.

நாற்காலிகள் திரும்புகின்றன

2024 நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் (ஜூலை முதல் செப்டம்பர் வரை), ஓராண்டுக்கு மேல் இயங்கிவரும் அமெரிக்கக் கடைகளில் பரிவர்த்தனைகள் 10% குறைந்தன. உலகெங்கும் கடைகள் 40,000ஐத் தாண்டியிருந்த நேரம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் சிபோட்லே உணவகங்களின் தலைவராக இருந்த பிரையன் நிக்கல் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். அவருடைய பெயர் அறிவிக்கப்பட்ட ஆகஸ்ட் 13 அன்று பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய 25% எகிறியது.

அவர் செய்தவை பெரும்பாலும் பழையதைத் திருப்பிக் கொண்டுவருபவை. உட்கார்ந்து குடிப்பவருக்குப் பீங்கான் கோப்பை, சர்க்கரையும் பாலும் தானே சேர்த்துக்கொள்ளும் மேசை, கோப்பையில் கையால் எழுதிய பெயர். உணவுப் பட்டியலைச் சுருக்கினார். தாவரப் பாலுக்கான கூடுதல் கட்டணத்தை நீக்கினார். இயந்திரங்களைக் கொண்டு ஆட்களைக் குறைக்கலாம் என்ற முந்தைய கணிப்பு தவறு என்று 2025 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொல்லி, கடைகளில் ஆட்களை அதிகப்படுத்தினார். எடுத்துச்செல்ல மட்டுமான கடைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். அவற்றில் மனிதத் தொடர்பு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். மறுபுறம், சுமார் 100 கோடி டாலர் செலவிலான மறுசீரமைப்பில் கடைகள் மூடப்பட்டன, அலுவலக வேலைகள் பறிபோயின. 2025 நிதியாண்டின் நிகர லாபம் முந்தைய ஆண்டின் பாதியளவுக்கு வந்துவிட்டது. கடைசிக் காலாண்டில் மட்டும், ஏழு காலாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, பழைய கடைகளின் விற்பனை உலக அளவில் 1% கூடியது.

கடைகளைப் புதுப்பிக்கும் பணி இப்போது அமெரிக்காவில் நடந்துவருகிறது. ஒரு கடைக்குச் சுமார் 1,50,000 டாலர் மதிப்பீடு. 2008இல் செய்ததுபோல வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிக் கதவைச் சாத்துவதில்லை. இரவில் கடை அடைத்த பிறகு வேலையாட்கள் வருகிறார்கள், முன்பு எடுத்துப்போட்ட இருக்கைகளின் இடத்தில் மெத்தை வைத்த நாற்காலிகளைப் போடுகிறார்கள், காலையில் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் கிளம்பிவிடுகிறார்கள்.